கடல்மீன் தொட்டி: தண்ணீர் பற்றிய வாசகர் கேள்விகள்

புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களில் தண்ணீரால் வரும் சிக்கல்கள். கணக்கு எல்லாமே 100 லிட்டர் தண்ணீருக்குக் கொடுத்திருக்கிறோம். கடைக்காரர் ‘நூறு லிட்டர் தொட்டி’ என்று விற்பதில் பாறை, மணல், மேலே விடும் இடைவெளி போக 80 லிட்டர்தான் தண்ணீர் நிற்கும். முதல்முறை நிரப்பும்போதே வாளியால் அளந்து, அந்த அளவைத் தொட்டியின் பக்கவாட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். பிற்பாடு எதைக் கலந்தாலும் அந்த எண்ணை வைத்துத்தான் கலக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர், டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 1,100 காட்டுகிறது. சமையலறையில் குடிநீர் ஆர்ஓ மெஷின் இருக்கிறது. அதில் பிடித்து உப்பு கலக்கலாமா? இல்லை, கேன் தண்ணீர் வாங்கலாமா? (தாம்பரம்)

இரண்டும் வேண்டாம். குடிநீர் ஆர்ஓ மெஷின்கள் ருசிக்காகக் கொஞ்சம் தாதுக்களைத் திரும்பக் கலந்துதான் தண்ணீரை வெளியே விடுகின்றன. டிடிஎஸ் கன்ட்ரோலர் உள்ள மெஷினில் வடிகட்டாத தண்ணீரே சிறிது கலக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, செம்பு சேர்க்கும் மாடல்கள். மனிதர் குடிக்கும் தண்ணீரில் இருக்கும் அந்த அளவு செம்பு நமக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் இறால், நத்தை, பவள வகை எல்லாவற்றுக்கும் அது விஷம். பாறையிலும் மணலிலும் ஏறிக்கொண்டால் பிறகு லேசில் போகாது. கேன் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீர்தான். ஆலைக்கு ஆலை, வாரத்துக்கு வாரம் அதன் டிடிஎஸ் மாறும்.

தேவை, தனியாக ஒரு ஆர்ஓ-டிஐ, அதாவது ஆர்ஓ மெம்பிரேன் விட்ட மிச்ச உப்பையும் பிடிக்க ரெசின் வைத்த மெஷின். வரிசை இதுதான்: 5 மைக்ரான் செடிமென்ட் ஃபில்டர், கார்பன் பிளாக், 75 ஜிபிடி (நாளைக்கு 75 கேலன்) மெம்பிரேன், கடைசியில் டிஐ ரெசின். மெம்பிரேன் 95 முதல் 98 சதவீதம் உப்பைத் தள்ளும். உங்கள் 1,100 அதிலிருந்து 20க்கும் 55க்கும் இடையில் எங்காவது வெளியே வரும். மிச்சத்தை ரெசின் பிடித்துக்கொண்டு 0 ஆக்கும். கடைசி மீட்டரில் 1 அல்லது 2 தெரிய ஆரம்பித்தால் ரெசினை மாற்றிவிடுங்கள். தீர்ந்துபோன ரெசின், முன்பு பிடித்து வைத்த சிலிகேட் போன்றவற்றைத் திரும்ப விடத் தொடங்கும்.

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் கோளாறு, அழுத்தம் போதாமை. மாடித் தொட்டி மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது வெறும் 4 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு). மெம்பிரேனுக்கு 50, 60 பிஎஸ்ஐ வேண்டும். எனவே பூஸ்டர் பம்ப் கட்டாயம். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் மெதுவாக வருவதோடு டிடிஎஸ்ஸும் கூடும், ரெசினும் சீக்கிரம் காலியாகும். இன்னொன்று: மெஷினை நிறுத்தி மறுநாள் போட்டால் முதல் சில நிமிடம் மெம்பிரேனிலிருந்து வரும் தண்ணீரில் டிடிஎஸ் ஏறியிருக்கும். ரெசினுக்குப் போகுமுன் அதைத் தனியாக வெளியே விட ஒரு டி-வால்வு வைத்துக்கொண்டால் ரெசின் செலவு கண்கூடாகக் குறையும்.

கேள்வி: எங்கள் ஊரில் உப்புக்குப் பஞ்சமே இல்லை. உப்பளத்துக் கல்லுப்பும் கடலில் இருந்து வந்ததுதானே? எதற்கு விலை கொடுத்து சால்ட் மிக்ஸ் (கடல்நீர் தயாரிக்கும் உப்புக் கலவை)? (தூத்துக்குடி)

கடலில் இருந்து வந்ததுதான். ஆனால் கடலில் உள்ளதெல்லாம் அதில் வந்து சேர்வதில்லை. பாத்தியில் கடல்நீர் சுண்டும்போது முதலில் கால்சியம் கார்பனேட் படியும், பிறகு ஜிப்சம். கிட்டத்தட்ட 25 டிகிரி போமேயில்தான் (உப்புநீரின் அடர்த்தி அளவு) உப்பு படியத் தொடங்கும். 29, 30 டிகிரி வந்ததும் மீதமுள்ள கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். மக்னீசியமும் பொட்டாசியமும் அந்த நீரோடு போய்விடும். ஆக, கால்சியம் முன்னாலேயே கழிகிறது, மக்னீசியம் பின்னால் கழிகிறது, நடுவில் விழும் சோடியம் குளோரைடுதான் உங்கள் கைக்கு வருகிறது. சமையலுக்கு அதுதான் நல்ல உப்பு. தொட்டிக்கு லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் மக்னீசியம், 410 முதல் 420 கால்சியம், 400 அளவில் பொட்டாசியம், காரத்தன்மை (பிஎச்சைச் சரியவிடாமல் தாங்கும் கார்பனேட், பைகார்பனேட் அளவு; அலகு டிகேஎச்) 7 டிகேஎச் ஆகியவையும் வேண்டும். கல்லுப்பு கரைத்த தண்ணீரில் உப்பளவு 35 (கிலோ தண்ணீரில் 35 கிராம் உப்பு) என்று காட்டினாலும் அது கடல்நீர் ஆகாது. தனித்தனியாக வாங்கி உப்புக் கலவை தயாரிக்கும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். அதற்குத் தூய்மை எழுதிய ரசாயனங்களும் துல்லியமான தராசும் எல்லாத் தனிமங்களுக்கும் டெஸ்ட் கிட்டும் வேண்டும். முதல் தொட்டியில் அந்த வேலைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: சால்ட் மிக்ஸ் கலக்கியதும் தண்ணீர் பால் மாதிரி ஆகி, மறுநாளும் தெளியவில்லை. டிரம்மின் அடியில் வெள்ளை மாவு. உப்பு கெட்டுப்போனதா? (கோவை)

கலக்கிய முறையில்தான் கோளாறு. உப்பை டிரம்மில் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். அப்படிச் செய்தால் முதல் சில நிமிடம் அடியில் மிகக் கெட்டியான கரைசல் உண்டாகி, கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்துவிடும். கீழே நிற்கும் மாவு அதுதான். இனி அது கரையாது. அந்தத் தண்ணீரில் காரத்தன்மையையும் கால்சியத்தையும் அளந்து பாருங்கள், இரண்டும் இறங்கியிருக்கும்.

ஆர்ஓ-டிஐ தண்ணீரை முதலில் நிரப்பி, பவர்ஹெட்டை (தண்ணீரைச் சுழற்றும் சிறு பம்ப்) ஓடவிட்டு, ஓட்டம் வலுவாக உள்ள இடத்தில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். 35 உப்பளவுக்கு லிட்டருக்கு 36 முதல் 39 கிராம் வரை பிராண்டுக்கு ஏற்ப ஆகும். 37-இல் தொடங்கி, அளந்து, பிறகு சரிசெய்யுங்கள். தண்ணீர் 25 டிகிரிப் பக்கம் இருக்கட்டும். வெயிலில் சுட்ட சின்டெக்ஸ் தண்ணீரில் கலந்தால் படிவு அதிகம். சில மணி நேரம் சுழலவிட்டுத் தெளிந்ததும் பயன்படுத்தலாம். பை திறந்த உப்பைக் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். கட்டி பிடித்த உப்பு ஈரம் குடித்து எடை கூடியிருக்கும். கிராம் கணக்கு பொய்க்கும். ஒரு பையின் உள்ளேயே பொருட்கள் அடுக்காகப் பிரிந்து நிற்பதும் உண்டு. அளக்குமுன் பையை உருட்டிக் கலந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளிவிலகலை வைத்து உப்பளவு பார்க்கும் கருவி) 36 காட்டுகிறது, பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் (தண்ணீரின் ஒப்படர்த்தியை அளப்பது) 1.023 காட்டுகிறது. எதை நம்புவது? (சேலம்)

சோதிக்கும்வரை எதையும் நம்ப வேண்டாம். 35 உப்பளவுள்ள கடல்நீரின் ஒப்படர்த்தி 25 டிகிரியில் 1.0264. உங்கள் இரண்டு எண்களும் வெகுதூரம் விலகி நிற்கின்றன. ஊசி வகை ஹைட்ரோமீட்டரில் ஊசியின்மேல் ஒட்டும் ஒரு சின்னக் காற்றுக்குமிழே அளவை மாற்றிவிடும். ரிஃப்ராக்டோமீட்டரில் இருக்கும் சங்கதி வேறு. விலை குறைந்தவற்றில் பல, உணவுத் தொழிலில் உப்புக் கரைசல் அளக்கச் செய்தவை. அவற்றை வெறும் தண்ணீரில் 0-க்கு வைத்துவிட்டு 35 கடல்நீரை அளந்தால் 36.5 காட்டும். அதைப் பார்த்துத் தண்ணீரை 35-க்கு இறக்கினால் உண்மையில் 33.5-இல் நிற்பீர்கள்.

சோதனைக் கரைசலை வீட்டிலேயே செய்யலாம். 96.35 கிராம் ஆர்ஓ-டிஐ தண்ணீரில் 3.65 கிராம் சாதாரணத் தூள் உப்பு. நகைக்கடைத் தராசு மாதிரி 0.01 கிராம் காட்டும் சிறிய தராசு போதும். இந்தக் கரைசலின் ஒளிவிலகல் 35 உப்பளவுக் கடல்நீருக்குச் சமம். இரண்டு சொட்டு வைத்து மூடியை மூடி, அரை நிமிடம் பொறுத்து, நீலக்கோடு 35-இல் நிற்கும்படி திருகை மெல்லத் திருப்புங்கள். வெறும் தண்ணீரால் 0-க்கு வைப்பது இதற்கு ஈடாகாது. நாம் அளக்கப்போகும் இடம் 35, சரிபார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

கேள்வி: கடற்கரை ஐந்து நிமிட நடை. கடல் தண்ணீரையே கொண்டுவந்து ஊற்றினால் என்ன? (சென்னை, பாலவாக்கம்)

ஊற்றலாம், பக்குவப்படுத்தினால். கரையோர அலைத் தண்ணீரை மொள்ளாதீர்கள். மணலும் சேறும் கழிவும் அதில்தான் இருக்கும். கூவம், அடையாறு முகத்துவாரங்களுக்கும் துறைமுகத்துக்கும் விலகி, படகில் போகிறவர்களிடம் சொல்லி அலை தாண்டிய இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள். பருவமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக்கடலின் மேல்நீர் ஆற்று நீரால் நீர்த்துப்போகும். நவம்பர், டிசம்பரில் நம் கரையில் 30-க்கும் கீழே இறங்குவது உண்டு. கோடையில் 34, 35 கிடைக்கும். ஒவ்வொரு முறையும் அளந்தே ஆக வேண்டும். 30 இருந்தால் லிட்டருக்கு 5 கிராமுக்குச் சற்று மேல் சால்ட் மிக்ஸ் சேர்த்து 35-க்குக் கொண்டுவரலாம்.

ஒரு நாள் அசையாமல் தெளியவைத்து, மேல்நீரை 5 மைக்ரான் பையில் வடிகட்டுங்கள். அடுத்து குளோரின். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 100 லிட்டருக்கு 20 மில்லி ஊற்றினால் 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) வரும். வாசனையோ சோப்போ சேர்க்காத சரக்காக இருக்க வேண்டும். ஒரு நாள் ஏர் பம்ப் ஓடட்டும். மிஞ்சிய குளோரினை சோடியம் தயோசல்பேட்டால் முறியுங்கள். கடையில் ‘ஹைப்போ’ என்று கேட்டால் இரண்டில் எதை வேண்டுமானாலும் தருவார்கள், முழுப்பெயர் சொல்லிக் கேளுங்கள். 100 லிட்டருக்கு 2 கிராம் போட்டு, கால் மணி நேரம் கழித்து குளோரின் டெஸ்ட் சொட்டு விட்டுப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் இன்னும் 2 கிராம். போட்ட குளோரின் துளியும் குறையாமல் நின்றால்கூட மொத்தம் 7 கிராமுக்கு மேல் தேவைப்படாது. மஞ்சள் அறவே மறையாமல் அந்தத் தண்ணீர் தொட்டிக்குப் போகக் கூடாது.

கேள்வி: தொட்டி வைத்து மூன்று வாரம். சைக்கிளிங்குக்காக (மீன் விடுமுன் அமோனியாவை மாற்றும் பாக்டீரியாவை வளர்க்க) இரண்டு பச்சை இறாலைப் போட்டுவைத்தேன். அமோனியா 4 பிபிஎம்மிலேயே நிற்கிறது, நைட்ரைட் கிட்டின் கடைசி நிறத்தைத் தொட்டுவிட்டது, நைட்ரேட் 100-க்கு மேல் காட்டுகிறது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கவா? (திருச்சி)

கொட்ட வேண்டாம். அமோனியாவை நைட்ரைட்டாக்கும் பாக்டீரியா வந்துவிட்டது, அதனால்தான் நைட்ரைட் ஏறியிருக்கிறது. இறாலை எடுத்துவிடுங்கள். அது அழுகும்போது எவ்வளவு அமோனியா வரும் என்பது நம் கையில் இல்லை. அமோனியா 5 பிபிஎம்மைத் தாண்டினால் அதைத் தின்னும் பாக்டீரியாவே, குறிப்பாக நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் இரண்டாம் கூட்டம், மந்தமாகிவிடும். 60 சதவீதம் தண்ணீரை மாற்றினால் 4 பிபிஎம் 1.6 ஆகும். பாக்டீரியா பாறையிலும் மணலிலும் ஒட்டி வாழ்பவை, தண்ணீரோடு போய்விடாது.

உங்கள் நைட்ரேட் எண்ணை இப்போது பொருட்படுத்தாதீர்கள். நைட்ரேட் கிட் செய்வது, நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றி அதன் நிறத்தைக் காட்டுவது. தண்ணீரில் ஏற்கெனவே நைட்ரைட் நிறைய இருந்தால் அதையும் சேர்த்துப் பல மடங்காகக் காட்டிவிடும். நைட்ரைட் கிட்டும் உச்சத்தில் நிற்பதால் அது உண்மையில் 5-ஆ 50-ஆ என்று தெரியவில்லை. ஒரு மில்லி தொட்டித் தண்ணீரில் 9 மில்லி ஆர்ஓ-டிஐ கலந்து அளந்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். ஒரு ஆறுதல்: நன்னீர் மீனைப்போல் கடல்மீனை நைட்ரைட் எளிதில் கொல்வதில்லை. கடல்நீரில் குளோரைடு ஏராளம் என்பதால் செவுள் வழியே நைட்ரைட் உள்ளே நுழைய வழி குறைவு. அமோனியாவுக்கு அந்தத் தடை கிடையாது.

இனிமேல் அமோனியாவை அளந்து கொடுங்கள். லேப் தர அம்மோனியம் குளோரைடு 3.14 கிராமை எடுத்து, மொத்தம் 100 மில்லி வரும்படி ஆர்ஓ-டிஐ தண்ணீரில் கரையுங்கள். இதில் 20 மில்லி ஊற்றினால் 100 லிட்டரில் 2 பிபிஎம் ஏறும். ஈயம் பூசுகிறவர்கள் பயன்படுத்தும் நவச்சாரமும் இதே உப்புதான், ஆனால் அதில் என்னென்ன உலோகம் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. லேப் சரக்கே வாங்குங்கள். அமோனியா 0.5-க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் மறுபடி 1 அல்லது 2 பிபிஎம் கொடுங்கள். நைட்ரைட் மிக உயரத்தில் நின்றால் சில நாள் கொடுக்காமல் காத்திருங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று காரத்தன்மை. 2 பிபிஎம் அமோனியா முழுக்க நைட்ரேட் ஆகும்போது ஏறக்குறைய 0.65 டிகேஎச் செலவாகிறது. அழுகிய இறால் விட்ட அமோனியா மொத்தமும் மாறி முடியும்போது 3, 4 டிகேஎச் போயிருக்கும். காரத்தன்மை 5-க்குக் கீழே போனால் பிஎச் சரிந்து பாக்டீரியாவின் வேலை ஏறத்தாழ நின்றுவிடும். ‘மூன்று வாரமாக நகரவில்லை’ என்ற புகாரில் பெரும்பகுதி இதுவாக இருக்கும். உடனே அளந்து 7-க்கு மேல் கொண்டுவாருங்கள். வெப்பம் 27, 28, நல்ல ஓட்டம், விளக்கு அணைந்தபடி. விளக்கு போட்டால் மீன் இல்லாத தொட்டியில் பாசிதான் வளரும்.

முடிந்ததா என்று பார்க்க: மாலை 2 பிபிஎம் கொடுங்கள். மறுநாள் அதே நேரம் அமோனியாவும் நைட்ரைட்டும் 0 அருகில் இருக்க வேண்டும். ஒரு முறை 2 பிபிஎம் கொடுத்தால் 7.3 பிபிஎம் நைட்ரேட் சேரும். கடைசியில் பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றி அதைக் குறைத்துவிட்டு, ஒன்றிரண்டு சின்ன மீனோடு ஆரம்பியுங்கள். உலர்ந்த பாறையில் மூன்று முதல் ஆறு வாரம் ஆகும்.

அமோனியா கிட் சாலிசிலேட் வகையாக, பச்சை நிறம் காட்டுவதாக இருக்கட்டும். நெஸ்லர் வகை கடல்நீரில் கலங்கிப்போகும். பச்சை வகையிலும் எப்போதும் 0.25 காட்டுகிறது என்ற சந்தேகம் வரும். புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீரை அளந்து பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: கடையில் நான்கு டாம்செல் மீன் கொடுத்து ‘இதை விட்டு சைக்கிள் பண்ணுங்கள்’ என்றார்கள். இன்று அமோனியா 1. மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. (ஈரோடு)

முதலில் உயிரைக் காப்பாற்றுங்கள். அதே வெப்பம், அதே உப்பளவில் 50 சதவீதம் தண்ணீர் மாற்றம் இன்றே, நாளையும் ஒருமுறை. அமோனியாவைக் கட்டிப்போடும் கண்டிஷனர் இருந்தால் முழு அளவு ஊற்றுங்கள். ஊற்றிய பின்னும் கிட் பழைய எண்ணையே காட்டும், கட்டுப்பட்டதையும் சேர்த்து அளப்பதால். தீனி இரண்டு நாள் வேண்டாம். பிஎச் ஏற்றும் மருந்து கூடவே கூடாது. பிஎச் 8.2-இல் அமோனியாவில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் விஷ வடிவில் நிற்கிறது. பிஎச் ஏற ஏற அந்தப் பங்கு கூடும். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டால் கொடுத்துவிடுங்கள். மீன் வைத்து சைக்கிள் செய்வது அந்த மீனின் செவுளை எரிப்பது. தேவையே இல்லாத கொடுமை. பிழைத்த டாம்செல்கள் தொட்டி தங்களுடையது என்று முடிவுகட்டி, பிறகு வருகிற மீனை எல்லாம் துரத்தும். பிடிக்கப் பாறை முழுவதையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பிஎச் 7.8-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. பிஎச் பஃபர் தினமும் போடுகிறேன். இரண்டு நாளில் திரும்ப இறங்கிவிடுகிறது. ஹீட்டர்மேல் வெள்ளையாகப் படிகிறது. தொட்டி ஏசி அறையில் இருக்கிறது. (சென்னை, அண்ணா நகர்)

இன்றோடு பஃபரை நிறுத்திவிட்டுக் காரத்தன்மையை அளங்கள். 13, 14 டிகேஎச் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டோம். பஃபர் என்பது பெரும்பாலும் சோடா கார்பனேட், பைகார்பனேட்தான். நீங்கள் ஒவ்வொரு நாளும் ஏற்றியது காரத்தன்மையை. ஹீட்டரில் படிந்திருப்பது கால்சியம் கார்பனேட். சுரண்டிய துகளில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் பொங்கும். உங்கள் கால்சியம் அங்கே போய் ஒட்டியிருக்கிறது.

பிஎச்சை இறக்குவது அறைக்காற்றின் கார்பன் டை ஆக்ஸைடு. கதவு ஜன்னல் சாத்தி ஏசி போட்ட அறையில் இரண்டு மூன்று பேர் தூங்கினால் விடிவதற்குள் அது 1,000 பிபிஎம்மைத் தாண்டும். காரத்தன்மை சரியாக இருந்தாலும் அந்தக் காற்றோடு சமநிலைக்கு வரும் கடல்நீரின் பிஎச் 7.9 பக்கம்தான். உறுதி செய்ய எளிய வழி உண்டு. ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை பால்கனிக்குக் கொண்டுபோய் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். பிஎச் 8.1, 8.2 என்று ஏறினால் குற்றவாளி அறைக்காற்று. ஏறவே இல்லை என்றால் மட்டும் காரத்தன்மைப் பக்கம் பாருங்கள்.

தீர்வு, புரோட்டீன் ஸ்கிம்மரின் (நுரையால் கழிவை அகற்றும் கருவி) காற்றுக்குழாயை நீட்டி ஜன்னல் வழியே வெளியே விடுவது. பகலில் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்துவைப்பதும் உதவும். மீன் மட்டும் உள்ள புதுத் தொட்டிக்கு நிலையான 7.8 ஒரு நோயே அல்ல. தினமும் 7.8-க்கும் 8.4-க்கும் இடையே தூக்கிப் போடுவதுதான் கெடுதல். ஏறிய காரத்தன்மை, வாரம் 15 சதவீதம் தண்ணீர் மாற்றினால் தானாக இறங்கும். ஆசிட் ஊற்றி இறக்கப் பார்க்காதீர்கள்.

கேள்வி: காரத்தன்மை 6 ஆகிவிட்டது. ஆப்பசோடா போடலாம் என்கிறார்கள். வெற்றிலைச் சுண்ணாம்பும் போடலாமாமே? (கும்பகோணம்)

ஆப்பசோடா சரி. 100 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம். அரை லிட்டர் ஆர்ஓ-டிஐயில் கரைத்து, ஓட்டம் உள்ள இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் வேண்டாம். பேக்கிங் பவுடரை எடுத்துவிடாதீர்கள், அதில் மாவும் அமிலமும் இருக்கிறது. பிஎச்சும் சற்று ஏற வேண்டும் என்றால் அதே வேலைக்கு நீரற்ற சோடியம் கார்பனேட் 1.9 கிராம்.

கால்சியம் குறைந்திருந்தால் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 3.7 கிராம், 100 லிட்டரில் 10 பிபிஎம் ஏற்றும். சோடாவையும் இதையும் ஒரே டம்ளரில் கலக்காதீர்கள், ஒரே நேரத்திலும் ஊற்றாதீர்கள். கலந்தால் சுண்ணாம்புதான் மிஞ்சும். இரண்டையும் சரிசெய்தும் நிற்காமல் இறங்கினால் மக்னீசியத்தை அளங்கள். 1,200-க்குக் கீழே இருந்தால் கால்சியமும் கார்பனேட்டும் எளிதில் படிந்துகொண்டே இருக்கும்.

சுண்ணாம்பு கரைசல் பவளத் தொட்டிகளில் உலகெங்கும் பழகிய முறைதான். காரத்தன்மையும் கால்சியமும் சேர்ந்து ஏறும். ஆனால் கிளிஞ்சல் சுட்ட வெற்றிலைச் சுண்ணாம்பிலும் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பிலும் தூய்மைக்கு உத்தரவாதம் இல்லை. உணவுத் தர கால்சியம் ஹைட்ராக்ஸைடு வேண்டும். கரைசலின் பிஎச் 12-க்கு மேல், ஆகவே சொட்டுச் சொட்டாக மட்டும். பவளம் இல்லாத புதுத் தொட்டியில் கால்சியத்தைக் குடிக்க ஆளே இல்லை, சோடாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: சித்திரை வெயிலில் தொட்டி 32 டிகிரி. ஃபேன் வைத்தேன், 29-க்கு வந்தது. ஆனால் ஒரு வாரத்தில் உப்பளவு 38 ஆகிவிட்டது! (மதுரை)

ஃபேன் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. தண்ணீர் போகும், உப்பு போகாது. 100 லிட்டரில் 3 லிட்டர் வற்றினால் 35 என்பது 36 ஆகிவிடும். வற்றியதை எப்போதும் வெறும் ஆர்ஓ-டிஐ தண்ணீரால் நிரப்புங்கள், உப்புத் தண்ணீரால் அல்ல. கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, காலையும் மாலையும் அந்தக் கோட்டுக்கு நிரப்பினால் போதும். மிதவை வைத்த ஆட்டோ டாப்-அப் வாங்கினால் நிம்மதி. இப்போது 38 உள்ளதை இறக்க, தண்ணீர் கோட்டில் நிற்கிறது என்றால் மொத்தம் 8 லிட்டர் எடுத்து அதே அளவு ஆர்ஓ-டிஐ ஊற்ற வேண்டும். ஒரே மூச்சில் செய்யாமல் மூன்று நாளில் பிரித்துச் செய்யுங்கள்.

உங்கள் ஊரின் வறண்ட காற்றில் ஃபேன் நன்றாகவே வேலை செய்யும். கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் அவ்வளவு இறங்காது, அங்கே சில்லர்தான். 25 டிகிரி கடல்நீர் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வைத்துக்கொள்ளும், 30 டிகிரியில் 6.2 தான். கோடையில் கரண்ட் போனால் மீனை முதலில் கொல்வது இந்த ஆக்ஸிஜன் குறைவு. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

கேள்வி: சைக்கிள் முடிந்து இரண்டு வாரம். மணல், கண்ணாடி எல்லாம் பழுப்புத் தூள். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் 0. பாஸ்பேட் ரிமூவர் போடவா? (நாகர்கோவில்)

போடாதீர்கள். விரலால் தொட்டால் தூளாகக் கலையும் பழுப்பு, டயாட்டம் என்ற நுண்பாசி. சிலிகேட் தீர்ந்ததும் ஓரிரு வாரத்தில் போய்விடும். உங்கள் தண்ணீரின் டிடிஎஸ் 0-தானா என்று மட்டும் பாருங்கள். கோழைபோல் நூல் நூலாக, குமிழியோடு, காலையில் குறைந்து மாலையில் கூடினால் அது டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்). நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமாக 0 ஆன தொட்டியில்தான் அது தலைதூக்கும். அதனால்தான் ரிமூவர் வேண்டாம் என்கிறோம். நைட்ரேட் 5 முதல் 15, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருக்கட்டும். தீனியைக் கொஞ்சம் கூட்டினாலே வந்துவிடும்.

கேள்வி: ‘மன்னார் வளைகுடா லைவ் ராக்’ (உயிர்கள் குடியேறிய பவளப் பாறை) மலிவாகத் தருகிறேன் என்கிறார் ஒருவர். மணல் கடற்கரையிலேயே அள்ளிக்கொள்ளலாமா? (ராமநாதபுரம்)

பாறையை வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் தீவுகளும் பவளத் திட்டுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. பாறை உருவாக்கும் பவளங்கள் எல்லாம் 2001-இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அதாவது புலிக்கு உள்ள பாதுகாப்பு. எடுப்பது, விற்பது, வைத்திருப்பது எல்லாமே குற்றம். அந்தத் திட்டுகள் ஒருகாலத்தில் சுண்ணாம்புக்காகவும் சிமென்டுக்காகவும் வெட்டப்பட்டு நொந்தவை. நம் தொட்டிக்காக இன்னும் ஒரு துண்டுகூட அங்கிருந்து வரக் கூடாது. செயற்கைப் பாறையும் செராமிக் மீடியாவும் பாக்டீரியாவுக்கு அதே இடத்தைத் தரும், சில வாரம் கூடுதலாகும், அவ்வளவுதான். மீனிலும் கோமாளி மீன் போன்றவை பண்ணையில் பொரித்தவையே கிடைக்கின்றன. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் அந்தத் தொழில்நுட்பத்தை வளர்த்தவை.

கடற்கரை மணலும் வேண்டாம். காகிதத்தில் ஒரு கைப்பிடி பரப்பி, மேலே காந்தத்தை நகர்த்துங்கள். கறுப்புத் துகள்கள் முள்ளாக நிமிர்ந்து ஒட்டும். இரும்பு, டைட்டானியத் தாதுக்கள் அவை. கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் இந்தத் துகள் ஒன்று சிக்கினால் போதும், முதல் இழுப்பிலேயே கோடு விழும்.

கேள்வி: இரண்டு கம்பெனி காரத்தன்மை கிட்டுகள் இரண்டு விதமாகக் காட்டுகின்றன. எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வேலூர்)

3 கிராம் ஆப்பசோடாவை ஒரு லிட்டர் ஆர்ஓ-டிஐயில் கரையுங்கள். அதில் 100 மில்லி எடுத்து, ஆர்ஓ-டிஐ சேர்த்து மறுபடி ஒரு லிட்டர் ஆக்குங்கள். இந்தத் தண்ணீரின் காரத்தன்மை 10 டிகேஎச். இரண்டு கிட்டிலும் இதை அளந்து பாருங்கள். 9.5 முதல் 10.5 வரை காட்டுவதை வைத்துக்கொள்ளலாம். தவறு எப்போதும் ஒரே அளவில் இருந்தால், அதாவது 11 என்று காட்டினால் எப்போதும் 11-தான் என்றால், அட்டையில் அதைக் குறித்து வைத்துக் கழித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தால் மருந்து வெயிலில் கெட்டிருக்கிறது. புதுப் பாட்டில் வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கி, சமையலறை அலமாரியில் அடுப்புப் பக்கம் வைக்காமல் குளுமையான இருட்டில் வையுங்கள்.